ரிப்போர்ட்டில் பெனிசிலினுக்கு ‘எஸ்’, எரித்ரோமைசினுக்கு ‘ஆர்’: ஒரே கிருமியில் ஏன் இந்த வித்தியாசம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஏழு வயது மகளுக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி. மூன்று நாள் அசித்ரோமைசின் கொடுத்தும் குறையவில்லை. இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பியதில், ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ், பெனிசிலின் எஸ், எரித்ரோமைசின் ஆர், கிளிண்டாமைசின் ஆர், டி-டெஸ்ட் பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. (‘எஸ்’ என்றால் அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும், ‘ஆர்’ என்றால் கட்டுப்படாது.) இப்போது பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த அமாக்சிசிலின் எழுதியிருக்கிறார். நீங்கள் கேட்பவை நான்கு. பிள்ளை அதிகம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டதே இல்லை, பிறகு இந்த எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? நாளைக்குப் பெனிசிலினும் இப்படி ஆகிவிடுமா? வெறும் அமாக்சிசிலின் போதுமா, கிளாவுலனேட் சேர்ந்தது வேண்டாமா? வீட்டில் இருக்கும் அண்ணனுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

நான் பல வருடமாக நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இந்தக் கிருமிகளோடுதான் வேலை செய்கிறேன். உங்கள் முதல் இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. மருந்தை எதிர்க்கும் மரபணு ஒரு கிருமிக்கு எந்த வழியில் கிடைக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் இரண்டும் விளங்கிவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைச் சரிசெய்துவிடலாம். ‘உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு’ என்று நம் ஊரில் சொல்வார்கள். பழகுவது உடம்பு இல்லை. உங்கள் மகளின் உடலில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை. மாறியிருப்பது அவள் தொண்டைக்கு வந்து சேர்ந்த கிருமி. அது அவளிடம் வருவதற்கு முன்பே, பெரும்பாலும் பல வருடங்களுக்கு முன்பே, எங்கேயோ யாருடைய தொண்டையிலோ மாறிவிட்டது. பள்ளியில் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை இருமினால் கிருமி வரும்போது அதன் மரபணுக்களும் கூடவே வந்துவிடுகின்றன. ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாத குழந்தைக்கும் மருந்தை எதிர்க்கும் கிருமி தொற்றலாம்.

சரி, அந்த டி-டெஸ்ட். அதிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு மரபணு வேலை செய்வதை வெறும் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் அபூர்வமான இடம் அது.

ஆட்டு ரத்தம் கலந்த அகார் தட்டு ஒன்றில், தொண்டையிலிருந்து எடுத்து வளர்த்த கிருமியைச் சீராகப் பூசுவோம். அதன்மேல் காகிதத்தில் செய்த இரண்டு சின்ன வட்டுகளை வைப்போம். ஒன்றில் எரித்ரோமைசின், இன்னொன்றில் கிளிண்டாமைசின். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால் இரண்டின் விளிம்புக்கும் இடையே 12 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மறுநாள் எடுத்துப் பார்த்தால் எரித்ரோமைசின் வட்டின் அடிவரை கிருமி வளர்ந்திருக்கும். கிளிண்டாமைசினைச் சுற்றி வெற்று வளையம் இருக்கும்; அதாவது அந்த மருந்து கேட்கிறது. ஆனால் அந்த வளையம் முழு வட்டமாக இருக்காது. எரித்ரோமைசின் பக்கம் மட்டும் யாரோ கத்தியால் சீவிவிட்டது போலத் தட்டையாக இருக்கும். ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவம். அதனால்தான் அந்தப் பெயர்.

அந்தத் தட்டையான ஓரத்தில் நடப்பது இதுதான். எரித்ரோமைசின், அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் எல்லாம் மேக்ரோலைடு என்ற ஒரே குடும்பம். கிருமி தனக்கு வேண்டிய புரதங்களைச் செய்துகொள்ளும் ரைபோசோமில் போய் இவை உட்காரும். அங்கே புதிதாக உருவாகும் புரதச் சங்கிலி வெளியே வரும் குழாயை அடைத்துக்கொள்ளும். உட்காரும் இடத்தில் 2058 என்ற எண்ணுள்ள ஓர் அடினைன் (ரைபோசோமின் ஒரு சிறு கட்டுமானத் துண்டு) இருக்கிறது. எர்ம் என்ற மரபணுவைக் கிருமி வைத்திருந்தால், அது உண்டாக்கும் நொதி அந்த அடினைனில் ஒரு மெத்தில் குழுவை ஒட்டிவிடும். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். மருந்துக்கு உட்கார இடமில்லாமல் போய்விடும். கிளிண்டாமைசின் வேறு குடும்பம் என்றாலும் அதே இடத்தில் உட்காருவதால் அதற்கும் அதே கதி.

ஆனால் சில வகைக் கிருமிகள் இந்த நொதியை எந்நேரமும் செய்துகொண்டிருப்பதில்லை. செய்வதற்கான ஆர்.என்.ஏ. (மரபணுவிலிருந்து எடுத்த நகல்) சுருண்டு மடிந்து கிடக்கும். எரித்ரோமைசின் உள்ளே வந்து ஒரு ரைபோசோம் அந்த ஆர்.என்.ஏ.வின் தொடக்கத்திலேயே தடுக்கி நின்றால், மடிப்பு பிரிந்து நொதி தயாராகத் தொடங்கும். கிளிண்டாமைசினுக்கு அந்த மடிப்பைப் பிரிக்கத் தெரியாது. ஆகவே கிளிண்டாமைசினை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தால் ‘எஸ்’ என்று வரும். எரித்ரோமைசின் பக்கத்தில் இருந்தால்தான் கிருமி விழித்துக்கொண்டு தன் ரைபோசோமைக் காத்துக்கொள்ளும். அந்தத் தட்டையான ஓரம், கிருமி விழித்துக்கொண்ட எல்லை. ஆய்வகத்தில் இதைப் பார்க்காமல் கிளிண்டாமைசினுக்கு ‘எஸ்’ போட்டு அனுப்பினால் என்ன ஆகும்? நோயாளியின் உடலில் கோடிக்கணக்கான கிருமிகளில் எந்நேரமும் நொதியைச் செய்யும்படி மாறிப்போன ஒன்றிரண்டு ஏற்கெனவே இருக்கலாம். மருந்து மற்றவற்றைக் கொன்றபின் அவை பெருகும். அதனால்தான் டி-டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் கிளிண்டாமைசினுக்கும் ‘ஆர்’ எழுதுகிறோம். உங்கள் ரிப்போர்ட்டைத் தயாரித்தவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்.

இதே எரித்ரோமைசின் எதிர்ப்புக்கு இன்னொரு வழியும் உண்டு. மெஃப் என்ற மரபணு ஒரு பம்ப்பை உண்டாக்கும். கிணற்றில் ஊறும் தண்ணீரை மோட்டார் இறைத்துக்கொண்டே இருப்பது போல, உள்ளே வரும் மேக்ரோலைடை அது வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இதில் ரைபோசோம் மாறுவதில்லை, கிளிண்டாமைசினையும் இந்தப் பம்ப் கண்டுகொள்வதில்லை. அப்படிப்பட்ட கிருமியில் கிளிண்டாமைசின் வளையம் முழு வட்டமாகவே இருக்கும். உங்கள் மகளின் கிருமியில் எர்ம் வகை மரபணு இருக்கிறது என்பதை, மரபணுவை வரிசைப்படுத்திப் பார்க்காமலே அந்தத் தட்டிலிருந்து சொல்லிவிடலாம். ரிப்போர்ட்டில் அசித்ரோமைசின் பெயர் இல்லையே என்றும் யோசிக்க வேண்டாம். எரித்ரோமைசினுக்கு வந்த முடிவுதான் அசித்ரோமைசினுக்கும் பொருந்தும். முதல் மூன்று நாள் மருந்து கேட்காததற்குக் காரணம் அதுவே.

எர்ம் மரபணு நாம் மருந்து கண்டுபிடித்தபின் பிறந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பிலிப்பைன்ஸில் இலோய்லோ என்ற ஊரிலிருந்து அபெலார்டோ அகிலார் என்ற மருத்துவர் 1949-ல் அனுப்பிய மண்ணில் வாழ்ந்த ஒரு பாக்டீரியாதான் எரித்ரோமைசினைச் செய்கிறது. மருந்தாக அது 1952-ல் விற்பனைக்கு வந்தது. அந்த மண் பாக்டீரியா தன் விஷத்தால் தானே சாகாமல் இருக்கத் தன்னிடம் ஓர் எர்ம் மரபணுவை வைத்திருக்கிறது. பூட்டும் சாவியும் ஒரே வீட்டில் இருந்தன. நாம் எடுத்து வந்தது மருந்தை மட்டும். எதிர்ப்பு மரபணுக் குடும்பம் அதைவிட எத்தனையோ காலம் முன்பே பாக்டீரியாக்களிடையே புழங்கிக்கொண்டிருந்தது.

ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு அது எப்படி வந்து சேர்ந்தது? இங்கேதான் தாவும் மரபணுத் துண்டுகள் வருகின்றன. 1981-ல் அமெரிக்காவின் மிச்சிகனில், டான் கிளெவெல் ஆய்வகத்தில் ஒரு விசித்திரமான விஷயத்தைக் கண்டார்கள். குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவின் டெட்ராசைக்ளின் எதிர்ப்பு, பிளாஸ்மிட் எதுவும் இல்லாமலே இன்னொரு பாக்டீரியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. பிளாஸ்மிட் என்றால் குரோமோசோமுக்கு வெளியே தனியாகச் சுற்றும் டி.என்.ஏ. வளையம், அதுவரை எதிர்ப்பு பரவுவது பெரும்பாலும் அதன் வழியாகத்தான் என்று நினைத்திருந்தார்கள். இங்கே குரோமோசோமிலிருந்தே சுமார் 18 ஆயிரம் டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு தன்னைத் தானே வெட்டிக்கொண்டு, வளையமாகி, பக்கத்து பாக்டீரியாவுக்குள் நுழைந்து, அதன் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டது. டி.என்.916 என்று பெயர் வைத்தார்கள். தன்னை வெட்டுவதற்கும், கடப்பதற்கும், ஒட்டுவதற்கும் வேண்டிய மரபணுக்கள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. கூடவே பயணியாக டெட்-எம் என்ற டெட்ராசைக்ளின் எதிர்ப்பு மரபணு.

இந்தக் குடும்பத்துத் துண்டுகளில் பலவற்றில் பிற்பாடு எர்ம்-பி-யும் ஏறி உட்கார்ந்துகொண்டது. சிலவற்றில் மெஃப். ஒரே பஸ்ஸில் இரண்டு மூன்று பயணிகள். ஒருவருக்காக பஸ் ஓடினாலும் எல்லாரும் ஊர் போய்ச் சேருவார்கள். டெட்ராசைக்ளினைச் சிறு பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை, பல் கறைபடும். இருந்தும் குழந்தைகளின் தொண்டையில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸில் டெட்ராசைக்ளின் எதிர்ப்பு சர்வசாதாரணம். அசித்ரோமைசின் கொடுக்கும்போதெல்லாம் டெட்-எம்-மும் சேர்ந்து பிழைத்துக்கொள்கிறது.

இதற்கு இன்னும் கடுமையான உதாரணம், பச்சிளம் குழந்தைகளைத் தாக்கும் பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ். மனிதர்களைத் தொற்றும் இதன் வம்சங்கள் இன்று பரவியிருப்பதற்கே, இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நாம் டெட்ராசைக்ளினை அள்ளி வழங்கியதுதான் காரணம் என்று 2014-ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. டெட்-எம் சுமந்த சில வம்சங்கள் மட்டும் பிழைத்து, மற்றவற்றின் இடத்தையும் பிடித்துக்கொண்டன. மருந்தின் உபயோகம் குறைந்த பிறகும் மரபணு போகவில்லை. எனக்கு இது பெரும் கவலை தரும் விஷயம். மருந்தை நிறுத்தினால் எதிர்ப்பு தானாகப் போய்விடும் என்று நம்ப முடியாது என்பதற்கு இதுவே சாட்சி.

முதல் கேள்விக்குப் பதில் இதோடு முடிந்தது. மேக்ரோலைடு எதிர்ப்பு, முழுசாகச் செய்து வைத்த ஒரு மரபணு. கிருமி அதை வாங்கிக்கொண்டால் ஒரே நாளில் எதிர்ப்பு கிடைத்துவிடும். இனி பெனிசிலின்.

பெனிசிலினை எதிர்க்க பாக்டீரியாவுக்கு இரண்டு முக்கியமான வழிகள் உண்டு. ஒன்று, மருந்தையே வெட்டிப்போடும் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதி. ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற வேறொரு கிருமி 1940-களிலேயே இதைக் காட்டிவிட்டது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களிடம் இந்த நொதி கிடையாது. உங்கள் மூன்றாவது கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்: கிளாவுலனேட்டின் வேலை அந்த நொதியை முடக்குவது மட்டும்தான். நொதியே இல்லாத கிருமிக்கு அதைச் சேர்த்துக் கொடுப்பதால் லாபம் எதுவும் இல்லை, வயிற்றுப்போக்குதான் அதிகமாகும். காதுச் சீழ், சைனஸ் தொற்று போன்றவற்றில் அந்த நொதியைச் செய்யும் வேறு கிருமிகளும் இருக்கக்கூடும். அங்கே கிளாவுலனேட்டுக்கு அர்த்தம் உண்டு. கல்ச்சரில் பயோஜெனிஸ் என்று தெளிவாக வந்திருக்கும் தொண்டை வலிக்கு வெறும் அமாக்சிசிலினே சரியான மருந்து. உங்கள் டாக்டர் எழுதியது சரி.

இரண்டாவது வழி, மருந்து ஒட்டிக்கொள்ளும் இடத்தை மாற்றுவது. பாக்டீரியாவின் செல்சுவர் ஒரு வலை மாதிரி. அதன் இழைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போடும் நொதிகளுக்குப் பெனிசிலின்-பிணைப்புப் புரதங்கள் என்று பெயர், சுருக்கமாக பி.பி.பி. அவை முடிச்சுப் போடும் இழையின் நுனியைப் போலவே பெனிசிலினின் உருவமும் இருக்கிறது. நொதி ஏமாந்து பெனிசிலினைப் பிடிக்கும், பிடித்தபின் விட முடியாது. முடிச்சு விழாமல் சுவர் பிய்ந்து கிருமி சாகும். எதிர்ப்பு வேண்டுமென்றால் அந்த நொதியை, பெனிசிலினை மட்டும் பிடிக்காமல் இழையை மட்டும் பிடிக்கும்படி மாற்ற வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உருவம் என்பதால் இது லேசான வேலை இல்லை. ஓரெழுத்து மாற்றத்தில் சின்னப் பலன்தான் கிடைக்கும். அதோடு ஒரே கிருமியில் இப்படிப் பல பி.பி.பி.கள் இருக்கின்றன. ஒன்றை மாற்றினால் மருந்து அடுத்ததைப் பிடிக்கும்.

இந்த மலையை ஏறிக் காட்டிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஒன்று உண்டு. நியூமோகாக்கஸ், முழுப்பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே. நிமோனியாவுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் காரணமானது. தட்டில் அதன் காலனிகள் நடுவில் அமுங்கி, ஓரம் உயர்ந்து, கேரம் காய் போலவே இருக்கும்; எங்கள் ஆய்வகங்களில் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள். அது எப்படி ஏறியது என்ற கதை 1928-ல் லண்டனில் தொடங்குகிறது.

அந்த வருடம் பிரெட்ரிக் கிரிஃபித், நோய் உண்டாக்காத உயிருள்ள நியூமோகாக்கஸையும், நோய் உண்டாக்கும் வகையைச் சூட்டால் கொன்றதையும் கலந்து எலிகளுக்குப் போட்டார். தனித்தனியாகப் போட்டால் இரண்டும் கொல்லாது. சேர்த்துப் போட்டபோது எலிகள் செத்தன. அவற்றின் ரத்தத்தில் நோய் உண்டாக்கும் வகை உயிரோடு இருந்தது. செத்த கிருமியிலிருந்து ஏதோ ஒன்று உயிருள்ள கிருமிக்குள் போய் அதன் குணத்தை மாற்றியிருந்தது. அந்த ‘ஏதோ ஒன்று’ டி.என்.ஏ. என்று 1944-ல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஆஸ்வால்ட் ஏவரி, காலின் மக்லியாட், மக்லின் மக்கார்ட்டி மூவரும் நிரூபித்தார்கள். மரபுப்பொருள் டி.என்.ஏ.தான் என்று உலகத்துக்குத் தெரியவந்த வழி இது. அதே 1928-ல், அதே லண்டனில்தான் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டார். மருந்தும், பிற்காலத்தில் அந்த மருந்தை நியூமோகாக்கஸ் வெல்லப்போகும் வழியும் ஒரே ஊரில் ஒரே வருடத்தில் வெளிப்பட்டன. அன்று இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்த்திருக்க முடியாது.

நியூமோகாக்கஸ் டி.என்.ஏ.வைத் தின்னும். கூட்டம் சேர்ந்ததும் 17 அமினோ அமிலம் கொண்ட ஒரு சின்னப் புரதத் துண்டை வெளியே விட்டு ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ளும். சேதி கிடைத்ததும் வெளியில் மிதக்கும் டி.என்.ஏ.வை உள்ளே இழுக்கும் கருவிகளைத் தயார் செய்யும். அதோடு நிற்காமல், தயாராகாத பக்கத்துக் கிருமிகளை உடைக்கும் நொதிகளையும் விடும். உடைந்த கிருமிகளின் டி.என்.ஏ. அதற்குக் கிடைக்கும். ஓரிழையாக உள்ளே வந்த துண்டு தன்னுடைய மரபணுவோடு ஓரளவு ஒத்திருந்தால் அதன் இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

நம் வாயிலும் தொண்டையிலும் நியூமோகாக்கஸின் நெருங்கிய உறவுக்காரர்கள் எப்போதும் குடியிருக்கிறார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஓராலிஸ் என்று பெயர். யாருக்கும் பெரிதாகத் தொந்தரவு தராதவை. நாம் சாப்பிடும் ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும், எந்த நோய்க்காகச் சாப்பிட்டாலும், இவற்றின்மேலும் விழும். அவற்றின் பி.பி.பி. மரபணுக்கள் மெல்ல மெல்ல மாறி வந்தன. நியூமோகாக்கஸ் அந்த மாறிய துண்டுகளை எடுத்துத் தன் மரபணுவில் ஒட்டுப்போட்டுக்கொண்டது.

1980-களின் கடைசியில் எதிர்ப்புள்ள நியூமோகாக்கஸின் பி.பி.பி. மரபணுக்களைப் படித்துப் பார்த்தபோது இது அப்பட்டமாகத் தெரிந்தது. மரபணுவின் ஒரு பகுதி மற்ற நியூமோகாக்கஸ் போலவே இருக்கும். அடுத்த பகுதியில் திடீரென்று நூறு எழுத்துக்குப் பத்துக்கு மேல் வேறுபடும். அப்புறம் மறுபடி பழையபடி. ஒரே கிருமியில் ஓரெழுத்தாக மாறி வந்திருந்தால் இப்படித் திட்டுத்திட்டாக இருக்காது. வேறு துணியை வெட்டி ஒட்டுத் தைத்தது போன்ற மரபணு. 2எக்ஸ், 2பி, 1ஏ என்ற மூன்று பி.பி.பி.களும் இப்படி மாறினால்தான் உயர்ந்த அளவு எதிர்ப்பு வரும். உறவுக்காரர்கள் செய்து வைத்த வேலையை எடுத்துக்கொள்வதால் நியூமோகாக்கஸ் அந்த மூன்று படியையும் தானே ஏற வேண்டியிருக்கவில்லை.

அப்படியும் காலம் பிடித்தது. பெனிசிலின் எங்கும் கிடைக்கத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆனபின், 1967-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு நோயாளியிடம் சற்றே எதிர்ப்புள்ள நியூமோகாக்கஸ் கிடைத்ததாகப் பதிவாகியிருக்கிறது. 1977-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உயர்ந்த எதிர்ப்புள்ளது வந்தது. அடுத்த வருடம் ஜோகன்னஸ்பர்க்கில் பல மருந்துகளுக்கும் மசியாதது. பிறகு ஸ்பெயினில் முதலில் அடையாளம் கண்ட ஒரு வம்சம் உலகம் சுற்றியது. 1984 முதல் 2008 வரை பல நாடுகளில் சேகரித்த அதன் 240 மாதிரிகளின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து 2011-ல் வெளியிட்டார்கள். 1970-ஐ ஒட்டித் தோன்றிய அந்த ஒரு வம்சத்துக்குள் 700-க்கு மேற்பட்ட தடவை வெளி டி.என்.ஏ. துண்டுகள் ஒட்டப்பட்டிருந்தன. தடுப்பூசி அடையாளம் காணும் மேலுறையைக்கூடச் சில கிளைகள் மாற்றிக்கொண்டிருந்தன.

நம் நாட்டுக் கணக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். 1993 முதல் 1997 வரை வேலூர் சி.எம்.சி. உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய கண்காணிப்பில், பெனிசிலினுக்கு ஓரளவு எதிர்ப்புக் காட்டிய நியூமோகாக்கஸ் நான்கே நான்கு, அதாவது 1.3 சதவீதம். ஆனால் கோட்ரைமாக்சசோல் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்குக்கு அப்போதே 56 சதவீதம் எதிர்ப்பு இருந்தது. அந்த மருந்துக்கு எதிர்ப்பு வர ஒரு மரபணுவில் ஓரெழுத்து மாற்றமும், இன்னொன்றில் மூன்று அல்லது ஆறு எழுத்து இரட்டிப்பும் போதும். எவ்வளவு குறைவான மாற்றம் தேவையோ அவ்வளவு சீக்கிரம் எதிர்ப்பு வருகிறது. அதன்பின் வந்த வருடங்களில் பெனிசிலின் எதிர்ப்பும் இங்கே கூடிவிட்டது. இந்தியாவில் 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி 2021-ல் நாடு முழுக்க இலவசமாக வந்த நியூமோகாக்கல் தடுப்பூசி, எதிர்ப்பு அதிகமுள்ள பல வகைகளையும் தடுக்கிறது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்ற மூன்று தவணையையும் தவறவிடாதீர்கள்.

இடையில் ஒரு விஷயம், ஏனென்றால் இதைப் பார்த்துப் பலர் பயந்துபோய்க் கேட்கிறார்கள். நியூமோகாக்கஸ் ரிப்போர்ட்டில் ஒரே பெனிசிலினுக்கு ‘மூளைக்காய்ச்சல் என்றால் ஆர், மற்றபடி எஸ்’ என்று இரண்டு முடிவு இருக்கும். பிழையில்லை. மூளையைச் சுற்றியுள்ள நீருக்குள் மருந்து கொஞ்சம்தான் போகும், நுரையீரலுக்குள் நிறையப் போகும். அதனால் மூளைக்காய்ச்சலில் கிருமியை அடக்க மில்லிலிட்டருக்கு 0.12 மைக்ரோகிராம் தேவைப்பட்டாலே ‘ஆர்’. நிமோனியாவுக்கு ஊசியாகப் போடும்போது 2 வரை ‘எஸ்’.

இப்போது உங்கள் மகளின் கிருமிக்குத் திரும்பலாம். பயோஜெனிஸும் அதே தொண்டையில்தான் வாழ்கிறது. அதே உறவுக்காரர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். பெனிசிலினைச் சந்தித்த வருடங்களும் குறைவில்லை. 1942 மார்ச்சில் அமெரிக்காவின் நியூ ஹேவனில் ஆன் மில்லர் என்ற பெண்ணின் ரத்தத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பரவி, பிழைக்க மாட்டார் என்ற நிலையில் பெனிசிலின் போட்டார்கள். மறுநாளே காய்ச்சல் இறங்கியது. அவர் 90 வயது வரை வாழ்ந்தார். அன்றிலிருந்து இன்றுவரை எண்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்தக் கிருமித் தொற்றின் பின்விளைவாக ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இடுப்பில் போடும் பெனிடியூர் ஊசி உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். வருடக்கணக்காக, சிலருக்கு நாற்பது வயது வரை, குறைந்த அளவு பெனிசிலின் உடம்பில் இருந்துகொண்டே இருக்கும். எதிர்ப்பை வளர்க்க இதைவிட நல்ல வாய்ப்பு ஒரு கிருமிக்குக் கிடைக்காது. அப்படியும் பெனிசிலினுக்கு உண்மையில் ‘ஆர்’ என்று எழுதத்தக்க பயோஜெனிஸ் மருத்துவமனைகளில் இதுவரை நிலைபெறவில்லை.

ஏன் என்பதற்கு ஒரே காரணம் சொல்ல மாட்டேன், பல சேர்ந்திருக்கின்றன. டி.என்.ஏ.வைத் தின்னும் கருவிக்கான மரபணுக்கள் பயோஜெனிஸிடமும் இருக்கின்றன, ஆனால் அந்தக் கருவி சாதாரணமாக ஓடுவதில்லை. மேலும் இது டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகளைத் தாராளமாக வெளியே விடும் கிருமி. நம் வெள்ளையணுக்கள் விரிக்கும் டி.என்.ஏ. வலையை அறுத்துத் தப்பிக்க அந்த நொதிகள் உதவுகின்றன. பக்கத்தில் மிதக்கும் பயனுள்ள துண்டுகளும் அதில் சிதைந்துபோகலாம். ஆகவே ஒட்டுப்போடும் குறுக்குவழி இதற்குப் பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. தானாகவே ஓரெழுத்தாக மாறி வர வேண்டும். அப்படி ஆய்வகத்தில் வலிந்து மாற்றிய கிருமிகள் நோஞ்சானாக இருந்தன. மெதுவாக வளர்ந்தன, சிலவற்றில் நோய் உண்டாக்கத் தேவையான எம் புரதம் குறைந்தது. அந்த மாதிரிக் கிருமி ஒரு தொண்டையிலிருந்து இன்னொரு தொண்டைக்குப் போட்டி போட்டுத் தாவ முடியாது. எர்ம் மரபணு வந்து சேர்ந்தால் இந்தச் சிரமம் எதுவும் இல்லை. பழைய மரபணுக்கள் அப்படியே இருக்கும், புதிதாக ஒன்று கூடும், அதுவும் தேவைப்படும்போது மட்டும் விழிக்கும்.

அப்படியானால் பெனிசிலின் என்றைக்கும் கேட்குமா? உறுதியாகச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் சியாட்டிலில் கிடைத்த இரண்டு பயோஜெனிஸ் மாதிரிகளில் பி.பி.பி. 2எக்ஸின் 553-ஆவது இடத்தில் த்ரியோனின் என்ற அமினோ அமிலம் போய் லைசின் என்ற வேறொன்று வந்திருந்தது 2020-ல் வெளியானது. அமாக்சிசிலின் அவற்றுக்கு வழக்கத்தைவிட எட்டு மடங்கு தேவைப்பட்டது. பயோஜெனிஸுக்குத் தேவைப்படும் அளவு மிக மிகக் குறைவு என்பதால் எட்டு மடங்கு கூடியும் ‘எஸ்’ என்ற எல்லைக்குள்ளேதான் இருந்தது. அதே வருடம் 7,025 மரபணுத் தொகுதிகளை அலசிய ஆய்வில், சுமார் 2 சதவீத மாதிரிகளில் அந்தப் புரதத்தில் ஏதாவதொரு மாற்றம் இருந்தது. முதல் படியில் கால் வைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நியூமோகாக்கஸிலும் முதலில் மாறியது பெரும்பாலும் இதே 2எக்ஸ்தான் என்பதால் எங்கள் துறையில் இதை எல்லாரும் உன்னிப்பாகக் கவனிக்கிறோம். இன்றைக்கு உங்கள் மகளுக்கு அமாக்சிசிலின் வேலை செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

அசித்ரோமைசின் பற்றி மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அது மோசமான மருந்து கிடையாது. பெனிசிலின் ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்களுக்கும், டைபாய்டு போன்ற நோய்களுக்கும் அது வேண்டும். மூன்று நாள், நாளுக்கு ஒன்று என்ற வசதிதான் அதற்கே வினையாகிவிட்டது. உடலில் அது பாதியாகக் குறையவே சுமார் 68 மணி நேரம் ஆகும். மாத்திரை முடிந்தும் பல நாள் குறைந்த அளவில் தங்கியிருக்கும். கொல்லப் போதாது, ஆனால் எதிர்ப்புள்ளவற்றைத் தேர்ந்தெடுக்கப் போதும். பெல்ஜியத்தில் 224 ஆரோக்கியமானவர்களுக்கு அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் அல்லது மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்து அவர்கள் தொண்டையில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களைக் கவனித்த ஆய்வு 2007-ல் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களிடம் எதிர்ப்புள்ளவற்றின் பங்கு கூடியது. ஆறு மாதம் கடந்தும் அது முழுசாகப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மூன்று நாள் மாத்திரைக்கு ஆறு மாத விளைவு. தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை, அவற்றுக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் தேவையே இல்லை. ஆனாலும் மெடிக்கல் ஷாப்பில் போய் ‘தொண்டை கரகரப்பா இருக்கு’ என்றாலே அந்த மூன்று மாத்திரை அட்டையை நீட்டிவிடுகிறார்கள். உங்கள் மகள் அதிகம் சாப்பிடாவிட்டாலும் ஊரில் இத்தனை பேர் சாப்பிட்டதன் பலன் அவள் ரிப்போர்ட்டில் வந்திருக்கிறது.

குறைக்கவும் முடியும் என்பதற்கு ஃபின்லாந்து இருக்கிறது. அங்கே 1990-களின் தொடக்கத்தில் பயோஜெனிஸின் எரித்ரோமைசின் எதிர்ப்பு ஏறியதைப் பார்த்து, தொண்டைக்கும் தோலுக்கும் மேக்ரோலைடைக் குறையுங்கள் என்று நாடு முழுக்க டாக்டர்களுக்கு அறிவுறுத்தினார்கள். உபயோகம் ஒரே வருடத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இறங்கியது. 1992-ல் 16.5 சதவீதமாக இருந்த எதிர்ப்பு 1996-ல் 8.6 ஆனது. பி வகையின் கதையைப் போல மரபணு நிலைத்துவிடுவதற்குள் அவர்கள் கையை எடுத்துவிட்டார்கள் என்று நான் நினைக்கிறேன்.

இனி நடைமுறை. அமாக்சிசிலினைப் பத்து நாளும் கொடுங்கள். இரண்டாம் மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டு அவள் விளையாட ஓடிவிடுவாள், அப்போதும் நிறுத்த வேண்டாம். பத்து நாள் என்பது தொண்டை வலிக்காக மட்டும் சொல்வதில்லை. இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் பின்னால் வராமல் இருக்கத் தொண்டையிலிருந்து கிருமி முழுசாகப் போக வேண்டும். அசித்ரோமைசினில் மூன்று நாள் வீணாகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். நோய் தொடங்கிய ஒன்பது நாளுக்குள் சரியான மருந்தைத் தொடங்கினாலே அந்தப் பாதுகாப்பு கிடைக்கும். மருந்து கொடுத்தபின் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல், முகவீக்கம் வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். வாயைத் திறக்க முடியாமல், எச்சில்கூட விழுங்க முடியாமல் போனாலும் அப்படியே.

அண்ணனுக்குத் தொண்டை வலியோ காய்ச்சலோ இல்லையென்றால் டெஸ்ட் வேண்டாம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பலரது தொண்டையில் இந்தக் கிருமி ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும். எடுத்துப் பார்த்தால் பாசிட்டிவ் வரும், வந்தால் மருந்து கொடுக்கத் தோன்றும். வீட்டில் யாருக்காவது ருமாட்டிக் காய்ச்சல் முன்பு வந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அப்போது கணக்கே வேறு. அவனுக்கும் அறிகுறி வந்தால், தங்கையின் மருந்தில் பாதியைக் கொடுக்காமல், அவனுக்கென்று தனியாகத் தொண்டையில் தடவி எடுத்துப் பாருங்கள்.